காற்றுக்கு எதிரே போனவர்கள்

ஆளே இல்லாத ஒரு பெருங்கடல். அதில் எங்கேயாவது தீவு இருக்கிறதா என்று தேடிக் கிளம்ப வேண்டும். கையில் இருப்பது ஒரு பாய்மரப் படகு மட்டும். திசைகாட்டி கிடையாது, வரைபடம் கிடையாது. ஆண்டின் பெரும்பகுதி காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசிக்கொண்டே இருக்கிறது. எந்தப் பக்கம் போவீர்கள்?

பாயை விரித்தால் போதும், காற்றே கொண்டுபோகும் என்று மேற்கைக் காட்டத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் பசிபிக் கடலின் தீவுகளைக் கண்டுபிடித்து அவற்றில் குடியேறியவர்கள் கிழக்கே போனார்கள். நியூகினிக்கு அருகிலுள்ள தீவுகளிலிருந்து ஃபிஜி, டோங்கா, சமோவா, தாஹிட்டி, மார்க்கெசஸ், கடைசியில் ஈஸ்டர் தீவு என்று அவர்களுடைய பாதையின் பெரும்பகுதி காற்று வரும் திசையை நோக்கியே நீள்கிறது. இது எப்படி நடந்திருக்க முடியும் என்று ஐரோப்பிய அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளாகக் குழம்பினார்கள்.

ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் ஜெஃப்ரி இர்வின் தானே பாய்மரப் படகு ஓட்டுகிறவர். 1990களின் தொடக்கத்தில் அவர் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். காற்றோடு போகிறவனுக்குத் தீவு அகப்படவில்லை என்றால், அதே காற்றை எதிர்த்துத்தான் அவன் வீடு திரும்ப வேண்டும். அதற்குள் குடிநீர் தீர்ந்துவிடும். எதிரே போகிறவனுக்கு அந்த பயம் இல்லை. பாதித் தண்ணீர் காலியானதும் படகைத் திருப்பினால், வழக்கமான காற்று அவனை ஊரில் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆகவே, புது இடம் தேடுகிறவனுக்குப் பாதுகாப்பான திசை காற்று வரும் திசைதான்.

சரி, எதிர்க்காற்றில் படகு எப்படி நகரும்? தென்கோளத்தின் கோடை மாதங்களில் கிழக்குக் காற்று அவ்வப்போது ஓய்ந்து, மேற்கிலிருந்து சில நாட்கள் மழையோடு காற்றடிக்கும். எல் நினோ ஆண்டுகளில் அது இன்னும் நீடிக்கும். 1769இல் தாஹிட்டியில் ஜேம்ஸ் குக்கின் கப்பலில் ஏறிக்கொண்ட தீவுக்கார மாலுமி துப்பையா இதைத்தான் அவருக்குச் சொன்னார்: நவம்பர், டிசம்பர், ஜனவரியில் மேல்காற்று வரும், எங்கள் ஆட்கள் அதைப் பயன்படுத்திக் கிழக்கே போய் வருவார்கள். குக் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். கச்சான் எப்போது, கொண்டல் எப்போது, வாடை எப்போது என்று நம் கரைகளில் மீனவர்கள் வைத்திருக்கும் கணக்கைப் போன்ற அறிவுதான் இது.

திரும்பி வரும் வழியை முதலில் யோசித்துவிட்டுத்தான் இவர்கள் கிளம்பினார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், இந்த வரலாற்றில் மற்றவையெல்லாம் விளங்கத் தொடங்கும். போனவர் திரும்பி வந்து சொன்னால்தான் அது கண்டுபிடிப்பு. வராவிட்டால், ஊராரைப் பொறுத்தவரை அவர் கடலில் காணாமல் போனவர்.

இவர்களுடைய மூதாதையர் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் தைவானிலிருந்து பிலிப்பைன்ஸ் பக்கம் இறங்கிய விவசாயிகள், மீனவர்கள். இதைச் சொல்லும் முதல் சாட்சி மொழி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழர்களுக்கு மலாயில் ஐந்துக்கு 'லீமா', வானத்துக்கு 'லாங்கிட்' என்று தெரியும். ஹவாயிலும் ஐந்து 'லிமா'தான், வானம் 'லானி'. நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு அது 'ராங்கி'. ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கரில் 'லானித்ரா'. ஒரே மொழிக் குடும்பம் மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரை, உலகின் பாதிச் சுற்றளவுக்கும் மேல், கடல் வழியாகப் பரவியிருக்கிறது. நவீன காலத்துக்கு முன் வேறெந்த மொழிக் குடும்பமும் இவ்வளவு தூரம் போனதில்லை.

இரண்டாவது சாட்சி பானை ஓடு. 1952இல் நியூ கலிடோனியாவில் லப்பிட்டா என்ற இடத்தில் தோண்டியபோது, பல் பதித்ததுபோல் புள்ளி புள்ளியாக அச்சிட்ட மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அதே பாணி ஓடுகள் நியூகினிக்குக் கிழக்கேயுள்ள பிஸ்மார்க் தீவுகளிலிருந்து டோங்கா, சமோவா வரை பல இடங்களில் அகப்பட்டன. அந்த இடத்தின் பெயரே அந்தப் பண்பாட்டுக்கும் நிலைத்துவிட்டது. நியூ பிரிட்டன் தீவின் தலாசேயாவில் கிடைக்கும் எரிமலைக் கண்ணாடிக் கல்லைக் கத்தியாக அவர்கள் பயன்படுத்தினார்கள். அந்தக் கல் மேற்கே போர்னியோவிலும் கிழக்கே ஃபிஜியிலும் கிடைத்திருக்கிறது. 3,000 ஆண்டுகளுக்கு முன்பே, ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான அகலத்தில் ஒரு கல் கைமாறியிருக்கிறது.

சாலமன் தீவுகள் வரை மனிதர் 30,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டார்கள். அதுவரை ஒரு கரையில் நின்றால் அநேகமாக அடுத்த கரை தெரியும், இல்லையென்றால் புறப்பட்ட கரை மறைவதற்குள் எதிர்க்கரை தென்பட்டுவிடும். சாலமனைத் தாண்டியதும் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் வெறும் கடல். அந்த இடத்தில் மனித குலம் பல்லாயிரம் ஆண்டு நின்றிருந்தது. லப்பிட்டா மக்கள் வந்து, கி.மு. 1000 வாக்கில் வனுவாட்டு, நியூ கலிடோனியா, ஃபிஜி என்று சில தலைமுறைக்குள் கடந்துவிட்டார்கள். வனுவாட்டுக்கும் ஃபிஜிக்கும் நடுவில் மட்டுமே 800 கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது.

வனுவாட்டின் தேயோமாவில், 2004 வாக்கில், மண் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் அழகான ஒரு பானை ஓடு தட்டுப்பட்டது. தோண்டினால் 3,000 ஆண்டுப் பழைய இடுகாடு. பெரும்பாலான எலும்புக்கூடுகளுக்குத் தலை இல்லை. புதைத்துச் சில காலம் கழித்து, மண்டையோட்டை மட்டும் எடுத்து வேறாக வைத்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த எலும்புகளின் மரபணுவை 2016இல் ஆராய்ந்தபோது, தைவான், பிலிப்பைன்ஸ் பழங்குடிகளோடுதான் நேரடி உறவு தெரிந்தது. வழியில் இருந்த நியூகினிக்காரர்களின் கலப்பு அந்த முதல் தலைமுறைகளில் ஏறக்குறைய இல்லை. அது பிறகு வந்து சேர்ந்தது. அப்படியென்றால், முதல் ஆட்கள் வந்த பின்னும் அந்த வழியில் படகுகள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன.

கி.மு. 800 வாக்கில் டோங்காவிலும் சமோவாவிலும் குடியேறியாகிவிட்டது. அதன் பிறகு ஒரு நீண்ட இடைவெளி. ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் யாரும் அதற்குக் கிழக்கே குடியேறவில்லை. பொலினீசியர் என்று இன்று நாம் சொல்லும் கிழக்குத் தீவுக்காரர்களின் மொழிகளும் சமூக அமைப்பும் இந்தக் காலத்தில்தான் டோங்கா, சமோவாவில் உருவாகின. ஏன் நின்றார்கள்? கிழக்கே தீவுகள் திடீரென்று சிறுத்து, தூரம் கூடிவிடுகிறது. அந்தக் காலத்தில் கடல் மட்டம் சற்று உயர்ந்திருந்ததால் பல பவளத் தீவுகள் நீருக்கு மேலே வந்திருக்கவே இல்லை என்று நிலவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பழைய படகுகள் அந்தத் தூரத்துக்குப் போதவில்லை, இரட்டைப் படகு வந்த பிறகே முடிந்தது என்பது இன்னொரு கருத்து. கி.பி. 1000ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சி மேற்குத் தீவுகளை வாட்டியதாக ஏரிச் சேறு காட்டுகிறது. ஒரே காரணத்தைப் பிடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. படகு, காற்று, வறட்சி மூன்றும் கூடிவந்த ஒரு காலம் அமைந்திருக்க வேண்டும்.

அப்புறம் நடந்ததுதான் வியப்பு. கி.பி. 1000க்கும் 1300க்கும் இடையில், முந்நூறு ஆண்டுக்குள், தாஹிட்டி, மார்க்கெசஸ், ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து எல்லாவற்றிலும் குடியேறிவிட்டார்கள். ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து மூன்றையும் கோடிட்டு இணைத்தால் கிடைக்கும் முக்கோணத்துக்குள் ஐரோப்பாவைத் தூக்கி வைத்தாலும் இடம் மிஞ்சும்.

இந்தத் தேதிகள் சமீபத்தில்தான் திருந்தின. முன்பெல்லாம் ஹவாயில் கி.பி. 300, 400 என்று எழுதுவார்கள். அடுப்புக் கரியை வைத்துப் போட்ட கணக்கு அது. முந்நூறு வருடம் வாழ்ந்த மரத்தின் நடுவயிரத்தை எரித்தால், கார்பன்-14 காட்டுவது அந்த வயிரம் உருவான காலத்தை. அடுப்பு மூட்டிய காலத்தை அல்ல. கரையில் ஒதுங்கிய பழைய மரத்தை எரித்தாலும் இதே கோளாறுதான். ஜேனட் வில்ம்ஷர்ஸ்ட் என்ற நியூசிலாந்து ஆய்வாளரும் கூட்டாளிகளும் எலி கடித்த விதைகளைத் தேடிப் போனார்கள். மனிதர் வருமுன் நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இருந்ததில்லை. பசிபிக் எலி மனிதரின் படகில்தான் அங்கே வந்திருக்க முடியும். விதைக்கு ஆயுள் ஓரிரு வருடம், அதனால் தேதி பிசகாது. எலிப் பல் பதிந்த விதைகளில் மிகப் பழையவை கி.பி. 1280 வாக்கில் தொடங்கின. பிறகு 45 தீவுகளிலிருந்து 1,434 தேதிகளைச் சலித்து, குட்டை ஆயுள் கொண்ட பொருள்களை மட்டும் நம்பி, 2011இல் முழுக் கணக்கையும் புதிதாகப் போட்டார்கள். ஒரு பெருங்கடலின் வரலாற்றை எலியின் பல் திருத்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இவர்கள் வேண்டுமென்றே போகவில்லை, மீன் பிடிக்கப் போய் வழிதவறி ஒதுங்கியவர்கள் என்று சொன்னவர்களும் உண்டு. 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்ற நியூசிலாந்து வரலாற்றாசிரியர், கருவிகள் இல்லாமல் தொலைதூரத் தீவுகளுக்குப் போய்த் திரும்புவது முடியாத காரியம் என்று வாதிட்டார். அதற்கு முன், 1947இல் நார்வேயின் தோர் ஹெயர்டால் 'கோன்-டிக்கி' என்ற பால்சா மரத் தெப்பத்தில் பெருவிலிருந்து 101 நாட்கள் மிதந்து, தூவாமோத்துத் தீவுக் கூட்டத்தின் ராரோயாவில் ஒதுங்கினார். தென் அமெரிக்காவிலிருந்து காற்றோடும் நீரோட்டத்தோடும் வந்தவர்களே பொலினீசியர் என்பது அவர் கட்சி. துணிச்சலான பயணம்தான். ஆனால் ஒரு மொழி, ஒரு பன்றி, ஒரு சேப்பங்கிழங்கு கூட அந்தக் கதைக்குச் சாட்சி சொல்லவில்லை; எல்லாம் மேற்கையே கைகாட்டின.

'ஒதுங்கினார்கள்' என்ற வாதத்தை 1973இல் கணினி தீர்த்து வைத்தது. உண்மையான காற்று, நீரோட்டப் பதிவுகளை வைத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட திசையற்ற மிதவைப் பயணங்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். பொலினீசியாவின் நடுவிலிருந்து வெறுமனே மிதந்து ஹவாயையோ நியூசிலாந்தையோ ஈஸ்டர் தீவையோ அடைவது ஏறக்குறைய நடக்காத காரியம் என்று தெரிந்தது.

கணினி இல்லாமலே ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். மீன் பிடிக்கப் போகிறவர் மனைவியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு, சேப்பங்கிழங்கின் நாற்று, பெருவள்ளிக் கிழங்கு, வாழைக் கன்று, கரும்பு, தென்னை, சீமைப்பலாவின் வேர்க்கன்று, பட்டையை அடித்துத் துணி செய்யும் மல்பெரிக் கன்று, சினைப்பன்றி, நாய், கோழி எல்லாம் ஏற்றிக்கொண்டா போவார்? இந்தத் தீவுகளில் சாப்பிடக்கூடிய தாவரம் மிகக் குறைவு. மக்கள் வாழ முடிந்தது அவர்கள் தோட்டத்தையே படகில் கொண்டுவந்ததால்தான். வேர்க்கன்றுகளை உப்புத் தண்ணீர் படாமல் ஈர இலையில் பொதிந்து, வாரக்கணக்கில் உயிரோடு வைத்திருந்து கரை சேர்க்க வேண்டும். சில இடங்களில் அது தோற்றும் போனது. நியூசிலாந்தில் நாயும் எலியும் நிலைத்தன, பன்றியும் கோழியும் நிலைக்கவில்லை. ஈஸ்டர் தீவில் கோழியும் எலியும் மட்டும்.

படகைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு நீண்ட படகுகளை இணையாக வைத்து, குறுக்குக் கட்டைகளால் சேர்த்து, மேலே தளம் போட்டது பொலினீசியரின் நெடும்பயணப் படகு. இப்படிப்பட்ட இரட்டைப் படகை இன்று உலகம் முழுக்க 'கட்டமரான்' என்கிறார்கள். சொல் நம்முடையது, கட்டுமரம். ஆனால் நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை; அதற்குக் குழிந்த வயிறே கிடையாது. ஆங்கிலேயர் சொல்லை இங்கிருந்து எடுத்து அங்கே பொருத்தினார்கள், அவ்வளவுதான். படகு அங்கே பிறந்தது. ஆணி இல்லை, இரும்பே இல்லை. கல் வாய்ச்சியால் செதுக்கிய பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து, சீமைப்பலாவின் பாலால் ஓட்டை அடைத்தார்கள். பாய் தாழை மடலில் பின்னியது. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் கயிற்றால் தைத்ததுதான். அலை மோதும்போது தைத்த படகு நெளிந்து கொடுக்கும்.

2012இல் நியூசிலாந்தின் தென்தீவில் அனவேக்கா என்ற கரையில், புயலுக்குப் பின் மணலிலிருந்து ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு படகுப் பலகை வெளிப்பட்டது. கி.பி. 1400ஐ ஒட்டியது. அதில் ஒரு கடல் ஆமை புடைப்பாகச் செதுக்கப்பட்டிருந்தது. மாவோரிச் செதுக்கு வேலையில் ஆமை மிக அரிது, வெப்பத் தீவுகளில்தான் அது வழக்கம். செதுக்கியவருக்குப் பழைய ஊரின் நினைவு விட்டுப்போகவில்லை.

இனி, வழி கண்டது எப்படி? நட்சத்திரங்கள் உதிக்கும் இடமும் மறையும் இடமும் ஆண்டு முழுதும் மாறுவதில்லை. உதிக்கும் நேரம்தான் மாறும். ஒரு நட்சத்திரம் அடிவானத்தில் எழும்போது அது இருக்கும் திசையைப் பிடித்துக்கொள்ளலாம். மேலே ஏறியதும் அதை விட்டுவிட்டு, அதே இடத்தில் அடுத்து எழும் நட்சத்திரத்தைப் பிடிக்க வேண்டும். ஓர் இரவுக்குப் பத்துப் பன்னிரண்டு நட்சத்திரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே பாதையில். ஒவ்வொரு தீவுக்கும் இப்படி ஒரு நட்சத்திரப் பாதை மனப்பாடமாக இருக்கும்.

வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் வந்தோம் என்பதற்கு உச்சி நட்சத்திரம். நாம் சுவாதி என்று சொல்லும் செம்மஞ்சள் நட்சத்திரம் இன்று ஹவாயின் பெரிய தீவுக்கு ஏறக்குறைய நேர் மேலாகக் கடக்கிறது. ஹவாய் மொழியில் அதன் பெயர் ஹொக்குலேயா, மகிழ்ச்சியின் நட்சத்திரம். தாஹிட்டிக்கு அதேபோல் சிரியஸ். நம் கார்த்திகைக் கூட்டம் மாவோரிக்கு மத்தாரிக்கி. குளிர்காலத்தில் அது விடியலில் எழுவதுதான் அவர்களுக்குப் புத்தாண்டு. 2022 முதல் நியூசிலாந்தில் அந்த நாள் அரசு விடுமுறை.

மேகம் மூடினால்? அப்போது அலை. கன்னியாகுமரிக் கரையில் காற்றே இல்லாத நாளில் கடல் திடீரென்று பொங்கிக் கரையேறுவதைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே எழுந்த புயலின் அலை நாட்கணக்கில் உருண்டு இங்கே வந்து சேர்வதால் அது நடக்கிறது. அப்படிப்பட்ட நெடுந்தூர அலைகள் ஆழ்கடலில் நாள்கணக்கில் திசை மாறாமல் வரும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று திசைகளிலிருந்து வரும் அலைகள் படகின் அடியில் ஒன்றையொன்று வெட்டும். எந்த அலை அணியத்தைத் தூக்குகிறது, எது பக்கவாட்டில் ஆட்டுகிறது என்று உடம்பாலேயே பிரித்தறிவது மாலுமியின் வேலை. இருட்டில், படுத்தபடியே, படகு திசை மாறியதைக் கண்டுபிடிப்பார்கள். மார்ஷல் தீவுகளில் இதைச் சொல்லிக்கொடுக்க ஈர்க்குகளை வளைத்துக் கட்டி, தீவுகளுக்குச் சோழியை முடிந்து அலை வரைபடம் செய்தார்கள். அதைப் படகில் எடுத்துப்போக மாட்டார்கள். கரையில் படித்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டு போவார்கள்.

பசிபிக்கின் மேற்கே உள்ள கரோலின் தீவுகளின் முறை இன்னும் நுட்பமானது. 'எத்தாக்' என்பார்கள். அதில் படகு நகர்வதில்லை. மாலுமியின் மனதில் அது நிற்கிறது, கடலும் தீவுகளும்தான் அதைக் கடந்து பின்னால் போகின்றன. பாதைக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் உள்ள ஒரு தீவை அடையாளமாக வைத்துக்கொள்வார்கள். கிளம்பும்போது அந்தத் தீவு ஒரு நட்சத்திரத்தின் கீழே இருக்கும். போகப் போக அடுத்த நட்சத்திரத்தின் கீழ், அதற்கடுத்ததன் கீழ் என்று அது நகரும். எத்தனை நட்சத்திரம் நகர்ந்ததோ அத்தனை பங்கு தூரம் முடிந்தது. ரயிலில் போகும்போது மரங்கள் பின்னால் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் பிடிபடும்.

கடைசி நூறு கிலோமீட்டரில் வேறு வழிகள். ஒரு சிறு தீவை நேராகப் போய்க் குத்த வேண்டியதில்லை, அதைச் சுற்றியுள்ள அடையாளங்களைப் பிடித்தால் போதும். வெள்ளை ஆலாக்கள் காலையில் கரையிலிருந்து கடலுக்கும் மாலையில் கடலிலிருந்து கரைக்கும் பறக்கும். அந்தியில் அவை போகும் பக்கம் தீவு. பவளத் தீவின் நடுக் காயல் வெளிறிய பச்சையாக இருப்பதால், அதற்கு மேலுள்ள மேகத்தின் அடிவயிற்றில் அந்தப் பச்சை படியும். மற்ற மேகங்கள் நகர, மலைத்தீவுக்கு மேல் ஒரு மேகம் மட்டும் நிற்கும். பத்துக் கிலோமீட்டர் அகலத் தீவு இப்படி நூறு கிலோமீட்டர் அகல இலக்காகிவிடுகிறது. தீவுக்கூட்டமாக இருந்தால் அது ஒரு வலை. எங்கே போனாலும் ஒரு கண்ணியில் மாட்டும்.

இதெல்லாம் ஏட்டில் அழகாக இருக்கிறது, நடக்குமா என்ற கேள்விக்கு 1976இல் பதில் கிடைத்தது. ஹவாயில் பழைய வடிவத்தில் 19 மீட்டர் நீள இரட்டைப் படகு ஒன்றைக் கட்டி ஹொக்குலேயா என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் நட்சத்திரம் பார்த்து நெடுந்தூரம் ஓட்டத் தெரிந்தவர் ஹவாயில் ஒருவர்கூட மிஞ்சியிருக்கவில்லை. கரோலின் தீவுகளில் உள்ள சதவால் என்ற சின்னத் தீவிலிருந்து மாவ் பியாய்லுக் என்பவரை அழைத்தார்கள். பொலினீசியர் அல்லர், மேற்குப் பசிபிக்கின் சிறுதீவுகளில் வாழும் மைக்ரோனீசியர். குழந்தையாக இருந்தபோதே தாத்தா அவரைக் கரையோரக் குட்டைகளில் விட்டு நீரின் அசைவை உணரப் பழக்கினாராம்.

மே 1ஆம் தேதி ஹவாயின் மாவி தீவிலிருந்து கிளம்பினார்கள். மாவ் அந்த வழியில் ஒருமுறைகூடப் போனதில்லை. பூமத்திய ரேகையைத் தாண்டியதும் துருவ நட்சத்திரமும் கண்ணில் படாது. ஒரு மாதத்தில் தூவாமோத்துக் கூட்டத்தின் மத்தாய்வா தெரிந்தது. ஜூன் 4ஆம் தேதி தாஹிட்டியின் பப்பேத்தே துறைமுகத்தில் நுழைந்தபோது கரையில் 17,000 பேர் நின்றிருந்தார்கள். தங்கள் முன்னோர் வழிதவறி ஒதுங்கியவர்கள் என்று பள்ளியில் படித்த தலைமுறை அது. 1980இல் நைனோவா தாம்சன் என்ற ஹவாய் இளைஞர், மாவிடம் பயின்று, கருவி இல்லாமல் தாஹிட்டிக்குப் போனது மட்டுமல்லாமல் திரும்பியும் வந்தார். எனக்கு 1976ஐவிட இந்தப் பயணமே பெரிதாகத் தோன்றுகிறது. தன் தீவின் பிள்ளைகளுக்கு மட்டுமே சொல்ல வேண்டிய வித்தையை மாவ் அந்நியருக்குச் சொல்லிக்கொடுத்தார். சதவாலில் இளைஞர்கள் கற்க வரவில்லை, தன்னோடு அது அழிந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. 2010இல் அவர் இறந்தபோது அந்த வித்தை பல தீவுகளில் வேர்விட்டிருந்தது.

கிழக்கே போய்க்கொண்டே இருந்தவர்கள் அமெரிக்காவையும் தொட்டிருக்கிறார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்காவில் பிறந்தது. ஆனால் ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே பொலினீசியத் தோட்டங்களில் அது விளைந்தது. மாவோரி அதைக் 'குமரா' என்கிறார்கள். ஆண்டிஸ் பகுதி மொழிகளிலும் இதே ஒலிப்புள்ள சொல் இருந்தது. கிழங்கு தானாக மிதந்து வந்திருக்கலாம் என்று வாதிடும் தாவரவியலாளர்களும் இருக்கிறார்கள். சொல் மிதந்து வராதே! 2020இல் 17 தீவுகளையும் அமெரிக்காவின் பசிபிக் கரைப் பழங்குடிகளையும் சேர்ந்த 807 பேரின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், கி.பி. 1200 வாக்கில் இன்றைய கொலம்பியாப் பகுதி மக்களோடு கலப்பு நடந்ததைக் கண்டார்கள். மனிதரே சந்தித்திருக்கிறார்கள் என்றால் கிழங்கைப் பற்றி இனி அதிகம் தயங்க வேண்டியதில்லை.

இங்கே நம் இணைய உலகில் அடிக்கடி வலம்வரும் ஒரு மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ என்ற மதபோதகர், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். அது உடைந்த கப்பல் மணி. முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. இன்று வெலிங்டனில் தே பப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் எழுத்து அவ்வளவு தூரம் போயிருப்பது எனக்கும் பெருமைதான். ஆனால் தமிழர் அங்கே குடியேறினார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. குடியேற்றம் எலும்பை விட்டுவைக்கும், விதையை விட்டுவைக்கும், மொழியில் சொல்லை விட்டுவைக்கும். ஒற்றை மணி எத்தனையோ கை மாறிக் கடலைக் கடக்கக்கூடிய பொருள்.

குடியேற்றத்துக்கு விலையும் உண்டு. நியூசிலாந்தில் மனிதரைவிட உயரமானவையும் அடங்கிய ஒன்பது வகை மோவாப் பறவைகள் இருந்தன. ஆட்கள் வந்து நூற்றைம்பது ஆண்டுக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஈஸ்டர் தீவில் பனங்காடு போயிற்று. அங்கே மக்கள் காட்டை அழித்துத் தாங்களும் அழிந்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. 2024இல் அந்தத் தீவின் முன்னோர் 15 பேரின் எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுவில் அப்படி ஒரு வீழ்ச்சி தெரியவில்லை. மக்கள்தொகை மெல்ல வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பேரழிவு வந்தது 1860களில், பெருவிலிருந்து அடிமை பிடிக்க வந்த கப்பல்களோடும் அவை கொண்டுவந்த அம்மையோடும்.

திரும்பும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதைப் பொலினீசியாவின் தென்கிழக்கு மூலையிலுள்ள ஹெண்டர்சன் தீவில் பார்க்கலாம். நீருக்கு மேல் எழும்பிய பவளப்பாறை. நல்ல கல் இல்லை, மண் இல்லை, தண்ணீர் குறைவு. இருந்தும் சில நூற்றாண்டு அங்கே ஆட்கள் இருந்தார்கள். சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியுள்ள பிட்கெர்னிலிருந்து வாய்ச்சிக்குக் கல்லும், அதற்கும் அப்பாலுள்ள மங்காரேவாவிலிருந்து முத்துச் சிப்பியும் வந்தன. மார்ஷல் வைஸ்லர் என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டியபோது, 1450 வாக்கில் அந்தப் பொருள்கள் வருவது நின்றிருப்பதைக் கண்டார். அதற்குப் பிந்திய அடுக்குகளில் கிளிஞ்சலால் கருவி செய்து எப்படியோ சமாளித்திருக்கிறார்கள். பிறகு யாரும் இல்லை. பிட்கெர்னும் அப்படியே காலியானது. 1790இல் பௌண்டி என்ற ஆங்கிலேயக் கப்பலில் கலகம் செய்தவர்கள் அங்கே ஒளியப் போனபோது, ஆளில்லாத தீவில் கல் சிலைகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன.

நெடும்பயணங்கள் ஓய்ந்ததற்கு முன்பு அவை எப்படி இருந்தன என்று காட்ட ஒரு கல் இருக்கிறது. ஹவாயில் லானாய், கஹோலவே தீவுகளுக்கு நடுவே ஒரு கடல் வழி உண்டு. கியலாய்கஹிக்கி என்று பெயர். 'கஹிக்கிக்குப் போகும் பாதை' என்று பொருள். கஹிக்கி என்பது தாஹிட்டி என்ற சொல்லின் ஹவாய் உச்சரிப்பு. அவர்களுடைய பழம்பாடல்களில் வரும் தொலைதூரத் தாய்நாடு. கஹோலவேயின் மேற்கு முனைக்கும் அதே பெயர்தான். இது வெறும் புராணம் என்று ஒரு காலத்தில் ஒதுக்கினார்கள். 1930களில் தூவாமோத்துக் கூட்டத்தின் நப்பூக்கா தீவில் சில கல் வாய்ச்சிகளைச் சேகரித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். தூவாமோத்து முழுதும் பவளம், அங்கே எரிமலைக் கல்லே கிடையாது. ஆகவே ஒவ்வொரு வாய்ச்சியும் வேறு தீவிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். 2007இல் அவற்றின் வேதியியல் கூறுகளை ஆராய்ந்தபோது, ஒரு வாய்ச்சியின் கல் கஹோலவேயின் பாறையோடு பொருந்தியது. 4,000 கிலோமீட்டர் வடக்கே, அந்தப் பாதையின் வாசலில் வெட்டிய கல்லை யாரோ படகில் போட்டுக்கொண்டு தெற்கே திரும்பியிருக்கிறார்.